பின்சீட்டில் இருந்தது யார்?

வாசகர் கேள்விகளும் ஓய்வுபெற்ற பெண் காவல் ஆய்வாளரின் பதில்களும்

கேள்வி: இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு மதுரையில் இரும்புக்கடை. அப்பா, அம்மா தூத்துக்குடியில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடித்துக் காரில் தனியாகத் திரும்புவது வழக்கம். போன மாதம் அப்படி வரும்போது, எட்டயபுரம் தாண்டி மேலக்கரந்தைக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு வயசான அம்மா நின்றுகொண்டிருந்தார். மணி பதினொன்றரை இருக்கும். பச்சைச் சேலை, தோளில் மஞ்சப்பை, காலில் செருப்பில்லை. கையைக் காட்டவும் மனசு கேட்காமல் நிறுத்தினேன். “பந்தல்குடிக்குப் போகணும் ராசா” என்றார். எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை, பக்கத்தில் யாரோ இருப்பது போல. “சும்மா இரு, வந்துருச்சு, வந்துருச்சு” என்று சமாதானம் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். முகமே தெரியவில்லை, பின்சீட்டு காலியாகத் தெரிந்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. திடீரென்று, “கிணத்துக்கிட்ட நிறுத்துய்யா, பிள்ளை நிக்குது” என்று சத்தம் போட்டார். அங்கே கிணறும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடுதான். பயத்தில் நிறுத்தினேன். இறங்கிப் போனார். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். இரண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. வண்டியை விரட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை வந்துதான் நிறுத்தினேன். சீட்டைத் தொட்டால் ஈரம். அன்றைக்கு மழையே இல்லை.

அங்கே டீக்கடையில் சொன்னேன். அந்த இடத்தில் லாரி அடித்து ஒரு பொம்பளை செத்துப்போனதாகவும், அதுதான் வண்டியை மறிப்பதாகவும் சொன்னார்கள். வீட்டுக்காரி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு, கையில் கயிறு கட்டியிருக்கிறாள். அந்த மஞ்சப்பை காரிலேயே கிடந்தது. யாரும் பிரிக்கக் கூடாது என்று மைத்துனர் சொல்லிவிட்டதால், வேப்பிலையோடு கட்டி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறோம். ராத்திரி தூக்கமில்லை. காரை விற்றுவிடலாமா? வந்தது என்ன அம்மா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே, அதில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். நாம் பேசியதை மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி இங்கே எழுதுகிறேன்.

பேய் உண்டா இல்லையா என்று உங்களோடு வாதாட வரவில்லை. மாரியம்மனைக் கும்பிட்டது நல்லதுதான், கயிறும் கையில் இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ராத்திரிப் பணி பார்த்தவள் நான். கடிதத்தை வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியிலும் உயிரோடு இருக்கிற ஒரு கிழவிதான் என் கண்ணுக்குத் தெரிந்தார். அதனால்தான் அன்றைக்கே பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

முதலில் கண்ணாடி. நடுக்கண்ணாடியை நாம் பின்பக்கக் கண்ணாடி தெரிகிற மாதிரிதான் திருப்பி வைத்திருப்போம். உங்களுக்கு நேர் பின்னால், கூனிப்போன ஒரு அம்மா உட்கார்ந்தால் உங்கள் சீட்டும் அதன் தலைச்சாய்ப்பும் அவரை மொத்தமாக மறைத்துவிடும். பகலில் உங்கள் அம்மாவை அதே இடத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், அவரும் தெரியமாட்டார்.

அடுத்து, மறைந்துபோனது. ஹெட்லைட் வெளிச்சத்தையே மணிக்கணக்காகப் பார்த்த கண், இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அந்தக் கண்ணோடு இறங்கி, செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு, பச்சைச் சேலை கட்டிய ஒருவரைக் கருவேலங்காட்டுக்குள் தேடினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தேடப் போன எங்கள் காவலர்களே ஆளுக்குப் பக்கத்திலேயே கடந்து போனதுண்டு. கூப்பிட்டும் பதில் இல்லை என்கிறீர்கள். நினைவு குழம்பிய முதியவர்கள் காணாமல் போனால் நாங்கள் முதலில் முள்ளுக்குள்ளும் புதருக்குள்ளும் ஓடைப் பள்ளத்திலும்தான் பார்ப்போம். வழி மறிக்கிற வரைக்கும் நேரே நடந்துகொண்டே போவார்கள். சிக்கிய இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கமாட்டார்கள், தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சீட்டு ஈரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வயசான ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாவும் உங்கள் அளவுக்குப் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார்.

கிணறுதான் என்னை உலுக்கியது. அந்தச் சாலை நாலு வழியாக அகலமானபோது ஓரத்தில் இருந்த புளியமரங்கள், கிணறுகள், சின்னக் கோயில்கள் எத்தனையோ போயின. மறதி நோய் வந்தவர்களுக்கு இன்றைக்குக் காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் அப்படியே இருக்கும். இல்லாத கிணற்றை ஓடுகிற வண்டியில் இருட்டில் சரியாகச் சொல்லி நிறுத்தச் சொன்னார் என்றால், அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஊர் பக்கத்தில், வீடு பக்கத்தில், தேடுகிறவர்களும் பக்கத்தில்.

அதனால்தான் பையை உடனே பிரிக்கச் சொன்னேன். நீங்கள் தயங்கினீர்கள், மைத்துனர் பின்னால் இருந்து சத்தம் போட்டதும் எனக்குக் கேட்டது. போனை வைக்காமல் அப்படியே டிக்கியைத் திறந்தீர்களே, அந்தத் துணிச்சலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு ரவிக்கை, சீப்பு, வெற்றிலை, பாதி தின்ற மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பாஸ்புக். முதியோர் உதவித்தொகை வருகிற வங்கிக் கணக்கு. முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் போட்டிருந்தது. ஊர், அவர் இறங்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

வேப்பிலைக்குள் அத்தனை நாள் கிடந்தது ஒரு முகவரி, தம்பி. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பாதி ராத்திரியில், தனியாக, முன்பின் தெரியாத ஒருவருக்காக நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். அன்றைக்கு அந்த வழியாகப் போன எத்தனையோ பேர் நிறுத்தவில்லை. என் கோபமெல்லாம் அந்த டீக்கடைப் பேச்சின் மேல்தான். “அது மனுசியா இருந்தா என்ன செய்றது, வாங்க போய்ப் பார்ப்போம்” என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். பேய் என்று ஒரு சொல் விழுந்ததும் தேட வேண்டிய கால்களெல்லாம் நின்றுவிட்டன.

அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சொன்னோம். ஆள் போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். பாட்டி வீட்டில் இருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் கரிமூட்டம் போடுகிறவர்கள் வேலைக்குப் போனபோது முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, 108 ஆம்புலன்ஸை வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலெல்லாம் கருவை முள். சில நாள் படுக்கையில் இருந்திருக்கிறார். எட்டயபுரம் பக்கம் மகள் வீட்டில் இருந்தவர், சாயங்காலமே யாரிடமும் சொல்லாமல் கிளம்பி நடந்திருக்கிறார். மகளும் மருமகனும் ராத்திரியெல்லாம் பஸ் ஸ்டாண்டில் தேடியிருக்கிறார்கள். பாஸ்புக் இல்லாததால் உதவித்தொகைக்கு என்ன செய்வது என்று அந்தக் குடும்பம் தவித்துக்கொண்டிருந்ததாம். பிள்ளை என்று அவர் சொன்னது யாரை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி போகும்போது வழியில் இறங்கி அந்தப் பையை உங்கள் கையாலேயே கொடுங்கள். வீட்டுக்காரியையும் கூட்டிப்போங்கள். பாட்டிக்கு உங்களை அடையாளம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, அது போதும். காரை விற்க வேண்டாம், சீட்டு உறையைத் துவைத்துப் போடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று. மனம் குழம்பித் தெருவில் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100ஆவது பிரிவு. நினைவு தப்பிப்போன முதியவர்களுக்கும் இது பொருந்தும். வீடு வாசல் தெரியாதவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. “இது எங்க வேலை இல்லை” என்று எந்த நிலையத்திலாவது சொன்னால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். முதியவர்களுக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வீட்டில் மறதி நோயாளி இருப்பவர்கள் அவர் சேலை முந்தானையிலோ சட்டைப் பையின் உள்பக்கமோ ஒரு போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்து விடுங்கள். பையில் வைத்தால் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போய்விடுகிறது.

கேள்வி: ஈ.சி.ஆரில் வெள்ளைச் சேலைப் பெண், மலைப்பாதையில் லிஃப்ட் கேட்கும் பெண் என்று எல்லா ஊரிலும் ஒரே கதையைச் சொல்கிறார்களே, ஒன்றுமே இல்லாமலா இப்படிப் பரவும்?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: நம் ஊரில் மட்டும் இல்லை மகளே. அமெரிக்காவில் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர்கள் இருவர், வண்டியில் ஏறி நடுவழியில் காணாமல் போகும் பயணியைப் பற்றி 79 விவரணைகளைத் திரட்டி 1942இல் கட்டுரை எழுதினார்கள். அதற்கும் முன்னால், குதிரை வண்டிக் காலத்துக் கதைகளும் உண்டு. சிகாகோ பக்கத்தில் நடன உடையில் ஒரு பெண் காரில் ஏறி, கல்லறைத் தோட்டத்து வாசலில் மறைந்துபோவதாக 1930களிலிருந்து சொல்கிறார்கள்.

நம்மிடம் இது இன்னும் பழையது. பழையனூர் நீலி கதையை உன் பாட்டியிடம் கேட்டுப் பார். பேயாகத் திரியும் நீலி, தனியாகப் போகும் வணிகனை வழியில் மறித்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன்” என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவள் பேச்சை நம்பி அவனை அனுப்பிவைத்த வேளாளர் எழுபது பேர், அவள் அவனைக் கொன்றுவிட, அவன் உயிருக்குத் தாங்கள் கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே இதைத் தொட்டுப் பாடியிருக்கிறார். நீலியும் சும்மா பேயாகவில்லை. முந்தைய பிறவியில் புருஷன் கையால் கொலையானவள் என்றுதான் கதை தொடங்குகிறது. அந்தப் பகுதியை மட்டும் யாரும் நிறுத்திச் சொல்வதில்லை.

ஜப்பான் நாட்டு விஷயம் ஒன்று என் மனசை விட்டுப் போகாதது. 2011 மார்ச் 11 சுனாமியில் இஷினோமாக்கி என்ற ஊரின் கடலோரப் பகுதிகள் அழிந்தன. அந்த ஊர் டாக்ஸி ஓட்டுநர்கள் நூறு பேருக்கு மேல் ஒரு கல்லூரி மாணவி, ஏறக்குறைய உன் வயசுப் பெண், தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் பேட்டி கண்டாள். ஏழு பேர், இறந்தவர்கள் தங்கள் வண்டியில் ஏறியதாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது: வெயில் காலத்தில் குளிர்கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறி, மினாமிஹாமாவுக்குப் போகச் சொன்னாள். “அங்கே இப்போது ஒன்றும் இல்லையே, போகலாமா?” என்று இவர் கேட்க, “நான் செத்துவிட்டேனா?” என்று நடுங்கிக் கேட்டாளாம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. மீட்டர் ஓடியிருந்ததால் கட்டணத்தை ஓட்டுநர்களே கையிலிருந்து கட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் பயம் இல்லை. மறுபடி அப்படி ஒருவர் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வோம் என்றார்கள். அவர்களும் தங்கள் ஊர் ஜனத்தைச் சுனாமியில் இழந்தவர்கள்தானே.

கதை பரவுவதற்குக் காரணம் கேட்டாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் சார்பு ஆய்வாளராக இருந்தபோது, ஒரு புறவழிச்சாலையில் பேய் நிற்பதாக ராத்திரி ஒரு மணிக்கு மேல் நிலையத்துக்குப் போன் மேல் போன். வெள்ளை உடுப்பு, விரித்த தலை, இடுப்பில் குழந்தை, வண்டி வந்தால் நடுரோட்டுக்கு வருகிறது என்றார்கள். ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வெளிறிய நைட்டியில் ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும். புருஷன் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்து வீட்டை விட்டுத் தள்ளியிருக்கிறான். முடி அதனால் விரிந்திருந்தது. நைட்டியோடு தள்ளியதால் நைட்டியோடு நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் வண்டிகளை மறித்தாள். வந்தவர்கள் எல்லோரும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு லாரிக்காரர் எலுமிச்சம்பழத்தை வீசிவிட்டுப் போயிருக்கிறார், அது அவள் காலடியில் கிடந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து, இன்ன இடத்தில் இன்ன பேய் என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றுதான் விசாரிப்பேன். நீயும் அப்படிக் கேட்டுப் பழகு. பெண்களுக்கான உதவி எண் 181, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் முடித்து ஸ்கூட்டரிலும் சில நாள் காரிலும் தனியாக வருகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கை காட்டுகிற எல்லோருக்கும் நிறுத்த வேண்டுமா?
— செவிலியர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. ஆளைப் படுக்கப் போட்டு நிறுத்த வைத்து, புதருக்குள்ளிருந்து நாலு பேர் வருகிற வழிப்பறியை நான் விசாரித்திருக்கிறேன். கண்ணாடியில் முட்டையை அடித்து, வைப்பரைப் போட்டதும் வழி தெரியாமல் நிற்கிற வண்டியை மடக்குகிறவர்கள் உண்டு. தனியாக வரும் பெண் யாருக்காகவும் கதவைத் திறக்க வேண்டிய கடமை இல்லை. ஆணுக்கும் அதைத்தான் சொல்வேன்.

உதவி செய்வதற்கு ஆளை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வேகத்தைக் குறையுங்கள், கதவுப் பூட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள், ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு பார்வை. செருப்பு இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா. நிற்காமல் தாண்டி, வெளிச்சம் உள்ள இடத்துக்கு வாருங்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க், ஆள் இருக்கிற ஓட்டல் எதுவானாலும் சரி. அங்கிருந்து 112 அல்லது 100. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. “ஓசூர் ரோட்டில் ஒரு பெண் நிற்கிறார்” என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குத் தேட முடியாது. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் போகும் பாதை என்பதைச் சொல்லுங்கள், உடை நிறத்தைச் சொல்லுங்கள். அந்த மூன்றும் இருந்தால் ரோந்து வண்டி நேரே ஆளிடம் போய் நிற்கும்.

ஸ்கூட்டரில் வரும் நாளில் வேகத்தைக்கூடக் குறைக்க வேண்டாம். தாண்டி வந்து பேசுங்கள். பேசாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

கேள்வி: நாமக்கல்லில் இருந்து நாக்பூர் லைன் ஓட்டுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ரோட்டுக்குக் குறுக்கே ஆள் நடக்கிற மாதிரி அடிக்கடி தெரிகிறது. பிரேக் அடித்தால் யாரும் இல்லை. பேய் என்று கிளீனர் பையன் பயப்படுகிறான்.
— லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தூங்குங்கள் தம்பி. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனாலும் காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் உடம்பு தூக்கத்துக்கு இழுக்கிற நேரம். டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த இழுப்பு போகாது. தூக்கம் பாக்கி வைத்த மூளை, கண் திறந்திருக்கும்போதே கனவை ஆரம்பித்துவிடும். நீங்கள் பார்க்கும் ஆள் அந்தக் கனவில் வருகிறவர். அடுத்த கட்டம், சில நொடிக்கு முழுசாகவே தூங்கிப்போவது. தூங்கினோம் என்பதே தெரியாது. எண்பதில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் செருகினால் ஏறக்குறைய 90 மீட்டர், ஓட்டுநர் இல்லாத லாரி. நிற்கிற டாரஸ் லாரியின் பின்னால் போய் மோதின வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இருக்காது. அந்த வண்டிகளிலிருந்து எடுத்த உடல்களுக்கு விசாரணை அறிக்கை எழுதிய கை இது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று பழகிவிட்டால், நிஜமாகவே ஒருவர் குறுக்கே வரும் நாளில் பிரேக்கில் கால் போகாது.

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்தது. அது வைத்திருந்த கணக்கு: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு. இதை வைத்து லோடு நேரத்துக்குச் சேராது என்று முதலாளி சொல்வார், எனக்குத் தெரியும். அப்படியானால் இரண்டாவது டிரைவரை ஏற்றச் சொல்லுங்கள். ஒருவராகக் கேட்டால் வேலை போகும், சங்கத்தில் சொல்லிச் சேர்ந்து கேளுங்கள். கிளீனர் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பேய்க்குப் பயந்துகொண்டிருந்தால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். தூக்கம் என்று தெரிந்தால் உங்களை உலுக்கி எழுப்புவான்.

கேள்வி: அடிபட்டுக் கிடந்தவரை வண்டியில் ஏற்றி, வழியிலேயே அவர் இறந்துவிட்டால் போலீஸ் என்னைத்தானே பிடிக்கும்?
— ஆட்டோ ஓட்டுநர், திருச்சி

பதில்: பிடிக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் இதற்கு வழிகாட்டுதல்களை உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவர் இறந்தாலும் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. உங்கள் பெயரையோ எண்ணையோ சொல்லச் சொல்லி மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ வற்புறுத்த முடியாது. சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம். சாட்சி சொல்ல நீங்களாக முன்வந்தால் மட்டும்தான் விசாரிப்பார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே செலவு செய்யும் திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பணம் கேட்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கழுத்தோ முதுகோ அடிபட்டவரை நீங்களாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். தண்டுவடம் பாதித்தால் உயிர் பிழைத்தாலும் கை கால் போய்விடும். 108க்குச் சொல்லிவிட்டு, ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகள் ஏறிவிடாதபடி உங்கள் ஆட்டோவின் விளக்குகளை எரியவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.